செய்யாற்றங்கரையில் கோடைக் கூத்து: முதல்முறை நடத்துபவர்களுக்கு

போன வைகாசியில் எங்கள் ஊரில் ஒரு ராத்திரி தெருக்கூத்து வைத்தோம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளின் நாடகம். அந்த ஒரு ராத்திரிக்கு இரண்டரை மாதம் அலைந்தோம். பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்தில் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில் பாரதத் திருவிழா நடத்துபவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்களுக்குப் பரம்பரையாக எல்லாம் தெரியும். கோயில் சார்பில்லாமல் நாலு பேர் சேர்ந்து புதிதாக இறங்கும்போதுதான் சிக்கல்.

1. முதலில் ஜமா, பிறகு தேதி

நாங்கள் செய்த முதல் தப்பு, காலண்டரைப் பார்த்து ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டுக் கூத்து ஜமாவை, அதாவது ஆட்டக் குழுவை, தேடப் போனது. மூன்று ஜமாக்களிடம் கேட்டோம். மூன்றிலும் ஒரே பதில்: "அந்த வாரம் பாரதத்துல இருப்போம்."

பங்குனி முதல் ஆடி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். அதைத்தான் பாரதம் என்போம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஒரு கோயிலில் ஒப்புக்கொண்ட ஜமா பத்து நாளோ அதற்கு மேலோ அங்கேயே தங்கிவிடும். நடுவில் ஒரு நாளைப் பிடுங்கிக் கொடுங்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு விழாவுக்கும் அடுத்த விழாவுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் இடைவெளி கிடைக்கும். அதில் ஒன்றுதான் உங்கள் தேதி. அது செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் சரி. விடுமுறைக் காலம்தானே, கூட்டம் வரும்.

தை, மாசியிலேயே போய்ப் பேசிவிடுங்கள். சித்திரையில் தேடினால் கிடைப்பது, ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து கூட்டிச் சேர்த்த செட்டுதான். அதிலும் நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு, ஆனால் பின்பாட்டும் மேளமும் ஒத்துப்போகாது.

யாரிடம் விசாரிப்பது? கடைசியாகப் பக்கத்து ஊரில் பாரதம் நடத்திய தர்மகர்த்தாவைக் கேளுங்கள். ஆட்டம் எப்படி, நேரத்துக்கு வந்தார்களா, குடித்துவிட்டு வந்தார்களா, எல்லாம் சொல்லிவிடுவார். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை செய்யாறு பக்கம்தான். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. இது தவிர, காஞ்சிபுரத்தில் உள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்திலும் கேட்கலாம்.

தேதியை முடிக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பொதுத்தேர்வு. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியாமல் மைக் அனுமதி கிடைப்பது கஷ்டம். இன்னொன்று, தேர்தல். 2021-லும் 2024-லும் ஏப்ரலில்தான் வாக்குப்பதிவு நடந்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் போலீஸ் அனுமதியோடு தேர்தல் அலுவலரின் அனுமதியும் வேண்டும். அப்படிப்பட்ட வருடமானால் ஆனிக்குத் தள்ளிப்போட்டுவிடுங்கள்.

2. தாம்பூலம் வைத்துவிட்டு, எழுதியும் வாங்குங்கள்

வெற்றிலை பாக்கில் அச்சாரப் பணம் வைத்துக் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது, அதுதான் வழக்கம். அதை மீறி பாண்டு பேப்பரை நீட்டினால் ஜமாவை நடத்தும் வாத்தியாரின் முகம் மாறிவிடும். நாங்கள் ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து வரி எழுதிப் படித்துக் காட்டினோம். தேதி, எந்தக் கதை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மொத்தத் தொகை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வண்டிச் செலவு யாருடையது என்பதை எழுத மறந்துவிட்டோம். நீங்கள் மறந்துவிடாதீர்கள். பெட்டி, கட்டை (வேஷத்துக்கான மர அணிகள்), வாத்தியம், பதினைந்து இருபது ஆள் என்றால் ஒரு வேன் வேண்டும். எங்களுக்கு அது கடைசி நேரத்தில் வந்த செலவு.

கதையையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஆசையாக "அர்ஜுனன் தபசு வையுங்கள்" என்று கேட்டோம். வாத்தியார் சிரித்துவிட்டு, "மரம் யாரு நடுவீங்க?" என்றார். தபசுக்கு உயரமான பனைமரத்தை நட்டு, அதில் ஏறிப் பாட வேண்டும். கோயில் விழாவில்தான் அது பொருந்தும். துரியோதனன் படுகளமும் அப்படித்தான். மண்ணில் பெரிய உருவம் செய்து பகலில் நடத்துவது அது. தனி ராத்திரிக்குக் கர்ண மோட்சம், அபிமன்யு வதம், பகாசூரன் வதம் மாதிரியானவை வசதி. பிள்ளைகள் நிறைய இருந்தால் பகாசூரன்தான். வண்டி வண்டியாகச் சோறு தின்னும் அரக்கனை எந்தக் குழந்தைக்குப் பிடிக்காது?

3. இடம்: மணல் அழகு, ஆனால் யோசியுங்கள்

கோடையில் செய்யாறு வெறும் மணல். நிலா வெளிச்சத்தில் ஆற்று மணலில் கூத்து என்று நாங்களும் கனவு கண்டோம். ஆறு புறம்போக்கு நிலம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் தனித்தனியாக மனு போட வேண்டும். ஒன்று "அங்கே கேளுங்கள்" என்னும், மற்றது "இங்கே இல்லை" என்னும். மூன்று வாரம் போனதுதான் மிச்சம். தவிர, ஜவ்வாது மலையில் கோடை மழை கொட்டினால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். ராத்திரியில் நானூறு பேரை மணலில் உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மணலை விட்டுவிடுங்கள், கரைக்கு வாருங்கள்.

பள்ளி மைதானம் நல்ல தேர்வு. தலைமையாசிரியரின் கடிதம் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். விடுமுறையில் தலைமையாசிரியர் ஊரில் இருக்கமாட்டார். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் கடிதத்தை வாங்கிவிட வேண்டும். எங்களுக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

கடைசியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஊராட்சி நெற்களத்தைப் பிடித்தோம். அங்கே வேறொரு சிக்கல்: ஏப்ரல், மே மாதத்தில் நவரை அறுவடை. களம் முழுக்க நெல் காய்கிறது! அதைக் காயவைத்த ஆறு வீட்டுக்காரர்களிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசி, அன்றைக்கு மதியத்துக்குள் அள்ளிக்கொள்ளச் சொன்னோம். நாங்களே கூட நின்று மூட்டை பிடித்தோம்.

இடம் பார்க்க வாத்தியாரைக் கட்டாயம் கூட்டிவாருங்கள். எங்கள் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில் நாலு தடவை காலைத் தட்டினார். "இது முட்டிய வாங்கிடும்" என்றார். சலங்கை கட்டி விடிய விடியக் கிரிக்கை அடித்து, அதாவது சுழன்று சுழன்று, ஆடுகிறவருக்கு மண் தரைதான் வேண்டும். அதனால் களத்தை ஒட்டிய மண் திடலை ஆடுகளமாக்கி, சனத்தைச் சிமெண்டில் உட்கார வைத்தோம். சிமெண்ட் இரவு எட்டு மணி வரை சுடும். சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் தண்ணீர் அடித்துவிடுங்கள்.

ஊரின் எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமா என்பதையும் பாருங்கள். ஒரு தெருவின் கோயில் வாசல் என்றால் இன்னொரு தெரு வராது. போலீஸ் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். அவர்கள் கேட்பதற்கு முன்பே எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் சேர்த்துக் குழுவை அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

4. போலீஸ் மனு

நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள். பதினைந்து நாள் போதும் என்று சொல்வார்கள், போதாது. நடுவில் ஏதாவது பாதுகாப்புப் பணிக்கு இன்ஸ்பெக்டர் போய்விட்டால் உங்கள் மனு மேஜையிலேயே கிடக்கும்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: இடத்துக்கான தடையில்லாச் சான்று (ஊராட்சித் தலைவரிடம், தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்), பொறுப்பேற்கும் மூன்று நான்கு பேரின் ஆதார் நகல், ஜமாவின் பெயரும் வாத்தியாரின் போன் நம்பரும், சவுண்ட் சர்வீஸ்காரரின் விவரம், நிகழ்ச்சி நிரல், உறுதிமொழிக் கடிதம். அந்தக் கடிதத்தில் சாதி, கட்சிக் கொடியோ பாட்டோ இருக்காது, ஆபாச ஆட்டம் இருக்காது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் வராது என்று எழுத வேண்டும். எல்லாவற்றையும் மூன்று செட் எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். நாங்கள் முதல் மனுவை அப்படி வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் போனால், "எந்த மனு?" என்று கேட்டார்கள்.

மனுவில் "ஆடல் பாடல்" என்ற சொல் வரவே கூடாது. அது வேறு வகை நிகழ்ச்சி, அதற்கு வேறு கெடுபிடி. "மகாபாரதத் தெருக்கூத்து" என்று தெளிவாக எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் பேச்சுவழக்கில் கூத்தையே நாடகம் என்போம். மனுவில் அந்தக் குழப்பமும் வேண்டாம்.

கதைவசனப் பிரதி கேட்டால் பதற வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தில் முன்பு அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இதை ஸ்டேஷனில் நின்று சட்டம் பேசித்தான் நிரூபிக்க வேண்டுமென்பதில்லை. நாங்கள் ஒரு பக்கத்தில் கர்ண மோட்சத்தின் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் படித்த ஏட்டையா, "கர்ணனா? என்னிக்கு?" என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டார்.

5. பத்து மணிக் கணக்கு

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கூத்து என்றால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகாலையில் முடிவது. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்தான். ஆனால் அது மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் அறிவிப்பது. ஸ்டேஷனில் கெஞ்சினால் கிடைக்காது. கோயில் விழாக்களில் விடிய விடிய மைக் ஓடுகிறதே என்பீர்கள். அங்கே ஊரே பின்னால் நிற்கிறது. உங்கள் விஷயத்தில் யாராவது ஒருவர் 100-க்குப் போன் போட்டால் முடிந்தது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆறரைக்கு ஆரம்பித்து பத்துக்குள் முடிக்கும் சுருக்கக் கூத்து. கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் தொகை குறையாது. மூன்று மணி நேரமானாலும் எட்டு மணி நேரமானாலும் வேஷம் கட்டுவது ஒன்றுதானே. இன்னொன்று நாங்கள் செய்தது: பத்து மணி வரை மைக், அதற்கு மேல் மைக் இல்லாமல் விடியும் வரை. இதையும் மனுவிலேயே எழுதி அனுமதி வாங்கினோம்.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மைக்கை நிறுத்தச் சொன்னேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. சனம் எழுந்து போய்விடும் என்று நினைத்தேன். கொஞ்சம் பேர் போனார்கள். மீதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து, ஆடுகளத்துக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அதுவரை ஸ்பீக்கரில் கரகரத்த முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரியான குழல்) அப்போதுதான் தெளிவாகக் கேட்டது. கர்ணன் அடித்தொண்டையிலிருந்து பாட்டை எடுத்தபோது பின்வரிசைக் கிழவி ஒருத்தி, "இப்பதான்டா கூத்து" என்றாள். அடுத்த முறை மைக்கே வேண்டாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, சவுண்ட் செலவும் மிச்சம்.

பத்து மணி வரைக்கும்கூட பாக்ஸ் ஸ்பீக்கர்தான். கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் வந்து கழற்றச் சொல்லிவிடுவார்கள். இடைவேளையில் சவுண்ட் சர்வீஸ்காரர் தானாகவே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார். முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

6. கரண்ட், பந்தல்

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்து, முன்பணம் கட்டினால் தருவார்கள். பத்து நாள் முன்பே போங்கள். கம்பத்தில் கொக்கி போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பெரிய மனிதர் யோசனை சொல்வார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். கேட்காதீர்கள், அது திருட்டு மட்டுமில்லை, உயிர் போகிற விஷயம்.

ஜெனரேட்டர் எப்படியும் வேண்டும். ஆடுகளத்திலிருந்து நூறு அடியாவது தள்ளி, ஏதாவது சுவருக்குப் பின்னால் வையுங்கள். மைக் இல்லாத நேரத்தில் அந்தச் சத்தம் கூத்தைக் கொன்றுவிடும்.

ஆடுகளத்துக்குப் பந்தல் தேவையில்லை. மே மாதச் சூறைக்காற்றில் தகரக் கொட்டகை பறந்தால் ஆபத்து. வாத்தியக்காரர்கள் உட்காரப் பின்னால் ஒரு நீள பெஞ்சு, இரண்டு பக்கமும் விளக்கு, முன்னால் திரை பிடிக்க இடம், அவ்வளவுதான். மழை வந்தால் ஒதுங்க ஓர் இடம் மட்டும் பார்த்துவையுங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்துவிடுங்கள். செலவில்லாத வேலை.

7. வேஷம் கட்டும் அறை

புதியவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். வேஷம் கட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முகத்தில் அரிதாரம் பூசி, புஜக்கட்டை, மார்பதக்கம், கிரீடம் எல்லாம் கட்டி முடிப்பதற்குள் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி, பூசியதெல்லாம் வழியும். காற்றோட்டமான அறை, இரண்டு ஃபேன், பளிச்சென்ற விளக்கு, தரையில் பாய், கயிறு கட்ட ஜன்னல் கம்பி, குடிக்கத் தண்ணீர், தேங்காய் எண்ணெய். ஜமாவில் பெண்கள் இருந்தால் தாழ்ப்பாள் உள்ள தனி அறையும் கழிப்பறையும். எங்களிடம் கழிப்பறை இல்லை; பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கேட்டு வாங்கினோம். அதை அன்றைக்குச் சாயங்காலம் கேட்டதுதான் அவமானம்.

வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் செல்போனோடு ஊரே உள்ளே வந்துவிடும்.

சாப்பாடு ஏழு மணிக்குள். வேஷம் கட்டிய பிறகு சாப்பிட முடியாது. நடுராத்திரிக்கு டீ, பன்.

8. பிள்ளைகள் நாடகம்

இதற்கு அனுமதிச் சிக்கல் குறைவு. கதை மட்டும் கவனம். எழுத்தாளர் இறந்து 60 வருடம் ஆகாத கதையை நாடகமாக மாற்றினால் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்பது முறை. அரசு நாட்டுடைமை ஆக்கிய படைப்புகளுக்கு அந்தக் கவலை இல்லை. டிக்கெட் போடாத, தொழில்முறை அல்லாத குழு நடிப்பதற்குக் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது நேரில் நடிப்பதற்குத்தான், யூடியூபில் ஏற்றுவதற்கு அதை நம்ப வேண்டாம்.

நாங்கள் ஊர்ப் பாட்டிகள் சொன்ன கதை ஒன்றை எடுத்துக்கொண்டோம். வம்பே இல்லை. ஒத்திகையைக் காலை ஆறரை முதல் ஒன்பது வரை வைத்தோம். கத்திரி வெயிலில் அதற்கு மேல் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது.

9. பணம்

எங்கள் கணக்கு: ஜமாவுக்கு 38,000 ரூபாய், சவுண்டும் விளக்கும் 12,000, ஜெனரேட்டர் டீசலோடு 7,500, சேர், பெஞ்சு, திரை, தட்டுமுட்டு 9,000, சாப்பாடு, டீ 11,000, நோட்டீஸ் 4,000, தண்ணீரும் துப்புரவும் 3,000. எதிர்பாராதது 6,500, இதில் பெரும்பகுதி அந்த வேன். மொத்தம் 91,000. உங்கள் ஊரில் ஜமாவையும் தூரத்தையும் பொறுத்து மாறும்.

ரசீதுப் புத்தகம் அடித்து வசூலியுங்கள். வீட்டுக்கு 200 என்று வைத்தோம். ஒரே ஆள் பெரிய தொகை தருகிறேன் என்றால் யோசியுங்கள். பின்னாலேயே அவர் படம் போட்ட பேனர் வரும். சாலையோரத்தில் அனுமதியில்லாமல் பேனர் வைத்தால் மாட்டுவது நீங்கள்தான். நாங்கள் பேனரே வைக்கவில்லை. நோட்டீஸ் ஒட்டி, ஆட்டோவில் ஒரு நாள் சொல்லிவிட்டு வந்தோம்.

டிக்கெட் போடலாமா என்று கேட்பீர்கள். நாடகத்துக்கு ஆள் ஒன்றுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, எனவே வரி தடையில்லை. ஆனால் கிராமத்தில் கூத்துக்கு டிக்கெட் என்றால் யாரும் வரமாட்டார்கள். துண்டு ஏந்துங்கள், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நக்கலடித்தே காசு வாங்கிக் கொடுத்துவிடுவான்.

10. அன்றைக்கு

மதியம் பன்னிரண்டுக்கு நெல் அள்ளி முடிய வேண்டும். இரண்டுக்கு விளக்கு, மூன்றுக்கு ஜமா வேன், நாலுக்குத் தண்ணீர், ஐந்துக்கு ஜெனரேட்டரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆறரைக்குப் பிள்ளைகள் நாடகம், எட்டுக்குக் களரி கட்டி, அதாவது கூத்தின் தொடக்கமாக, மேளம். அனுமதிக் கடிதத்தின் நகலை இரண்டு பேர் சட்டைப்பையில் வைத்திருங்கள். ரோந்து வரும் போலீஸ்காரர் மாறிக்கொண்டே இருப்பார், ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் டம்ளர், தட்டு வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. அது போகட்டும், விடிந்ததும் ஆற்றிலிருந்து பொறுக்க வேண்டியது நீங்கள்தான்.

மீதிப் பணத்தை ஜமாவுக்கு விடிந்ததும் உடனே, சில்லறையாக மாற்றி வைத்துக் கொடுங்கள். ஐந்நூறு ரூபாய்க் கட்டாகக் கொடுத்தால் அவர்கள் ஆளாளுக்குப் பிரித்துக்கொள்ளச் சிரமப்படுவார்கள். வாத்தியார் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து பங்கு பிரிப்பார். அந்த அரை மணி நேரம் டீயும் இட்லியும் தயாராக இருக்கட்டும். அடுத்த வருடத் தேதியையும் அப்போதே கேட்டு, வெற்றிலையில் நூற்றியொரு ரூபாய் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.